கண்டுபிடித்தவனுக்குக் கூலி கிடையாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. முப்பத்து மூன்று வருஷம் நாற்பத்தைந்து நிமிஷப் பீரியட் எடுத்துப் பழகியவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது. இப்போது நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்துதான் இதை எழுத வைத்தது. என் அக்கா மகன் ஒரு பழைய பெட்ரோல் எஸ்.யூ.வி. வைத்திருக்கிறான். "இன்ஜின் லைட் எரியுது, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருந்தான். பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். சென்சாரை மாற்று என்றார் ஒருவர். டேங்கில் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்று என்றார் இன்னொருவர். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று பெங்களூரிலிருந்து ஒரு யோசனை. வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றார் எங்கள் பெரியவர். கடைசியில் மாப்பிள்ளை, "பட்டறையில கேட்டேன் மாமா, என்னன்னு பார்க்கறதுக்கே 1,500 ஆகும்கிறாங்க" என்று போட்டான். அவ்வளவுதான். "பார்க்கறதுக்கே ஆயிரத்தைந்நூறா? பகல் கொள்ளை!" அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நான் எதுவும் போடவில்லை. அந்தக் கேள்வியை நானும் ஒரு முறை கேட்டிருக்கிறேன், கேட்கக் கூடாத இடத்தில். அதைச் சொல்லிவிட்டுத்தான் உங்களோடு சண்டைக்கு வர முடியும்.

என்னிடம் இருப்பது 2006 மாடல், 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம், தப்பு கம்பெனி மேல் இல்லை. ரிட்டையர் ஆன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாத்தியாருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்ட அத்தனை பேரும் அதில் ஏறிப் பழனிக்குப் போய் வந்திருக்கிறீர்கள், ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆடிப் பெருக்கு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகலாம் என்று கொல்லிமலை ஏறினோம். நான், வீட்டம்மா, மகள், பேத்தி. காரவள்ளிக்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவு, அன்றைக்குச் சரியான கூட்டம். பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கியது. ஒதுங்கி நின்றேன். நின்றதும் வண்டி கிடுகிடுவென்று நடுங்கியது. இன்ஜின் விளக்கு எரியவில்லை, கண் சிமிட்டியது. அப்புறம் இன்ஜின் நின்றே போனது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துச் சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் ஒரு ஜீப், அதற்குப் பின்னால் தடுப்புச் சுவர். "தாத்தா, நாம ஏன் பின்னாடி போறோம்?" என்று பேத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. வீட்டம்மா மட்டும் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே ஒரு பெரிய சர்வீஸ் இடத்துக்குக் கொண்டுபோனேன். ஏ.சி. ரூம், காபி மெஷின் எல்லாம் இருந்தது. ஒரு பையன் ஸ்கேனரை மாட்டினான். இரண்டு கோடு வந்தது. பி-0302: இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி-0171: எரிபொருள் போதவில்லை, காற்று அதிகம். குறித்துக்கொண்டு உடனே இரண்டையும் அழித்தான். இந்த அழித்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதல் தடவை நான்கு பிளக் மாற்றினார்கள், 3,600. இரண்டு நாளில் திரும்ப நடுக்கம். அடுத்து நான்கு இக்னிஷன் காயில், 19,200. ஒரு வாரம் கழித்து அதே நடுக்கம். மூன்றாவது முறை ஆக்ஸிஜன் சென்சார், 13,500. நடுவில் த்ராட்டில் பாடி சுத்தம், லேபர் என்று 2,800. ஆக மொத்தம் 39,100 ரூபாய். பேரமே பேசாமல் கார்டைத் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் பழைய சாமானைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள், அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு திருப்தி. நான்காவது முறை, "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்கும் சார், மாத்திப் பார்க்கலாம், 85,000 ஆகும்" என்றார்கள். மாற்றிப் பார்க்கலாம்! பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய சாமானை, பாயசத்துக்குச் சர்க்கரை போட்டுப் பார்ப்பது போல!

அப்போதுதான் திருச்செங்கோடு ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். 1998-இல் பத்தாம் வகுப்பு. பெயர் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். அந்த பேட்ச்காரர்களுக்குத் தெரிந்துவிடும், கமெண்டில் போடாதீர்கள்.

அவன் ஸ்கேனரை எடுக்கவில்லை, முதலில் என்னைக் கேட்டான். "எப்ப சார் நடுங்குது? காலையில எடுத்ததுமா, ஓடின பிறகா?" ஓடின பிறகு. "நிக்கறப்பவா, மிதிக்கறப்பவா?" நிற்கும்போது. மிதித்தால் சரியாகிவிடும். "மைலேஜ்?" ஒன்பது கொடுத்தது, இப்போது ஆறு. "முன்னாடி வெச்சிருந்தவரு கேஸ்ல ஓட்டினாரா?" ஆமாம், டிக்கியில் சிலிண்டர் மாட்டியிருந்த அடையாளம் இருந்தது. அந்தப் பெரிய இடத்தில் நான்கு விசிட்டில் ஒருவர்கூட இதில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இனி கொஞ்சம் பாடம். வகுப்பில் தூங்கினவர்கள் இப்போதாவது விழித்திருங்கள்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் அரைச் சுற்று சுற்றும்போதெல்லாம் ஏதாவது ஒரு சிலிண்டர் வெடித்து அதைத் தள்ளுகிறது. 1, 3, 4, 2 என்று முறை. ஒன்று தள்ளாமல் விட்டால் அந்த அரைச் சுற்று ஒரு துளி மெதுவாகும். கிராங்க் சென்சார் அந்த மெதுவைப் பார்க்கிறது. இப்போது யாருடைய முறை என்று கணக்குப் போட்டு, "இரண்டாம் நம்பர் தள்ளவில்லை" என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கிறது. பி-0302 என்றால் அவ்வளவுதான் அர்த்தம். ஏன் தள்ளவில்லை என்பது அதற்குத் தெரியாது. பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, காற்றை அமுக்கிப் பிடிக்க முடியவில்லையா, மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். "காயிலை மாற்று" என்று எந்தக் கோடும் உலகத்தில் கிடையாது.

இரண்டாவது கோடு இன்னும் வேடிக்கை. ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலை அளக்காது. சைலன்சர் குழாயில் போகும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்கும். ஒரு சிலிண்டர் வெடிக்காவிட்டால் அது உறிஞ்சிய காற்று செலவாகாமல் அப்படியே வெளியே வரும். சென்சார் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் நிறைய மிச்சமிருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னது. கம்ப்யூட்டர் அதைப் பெட்ரோல் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டு இன்னும் இன்னும் ஊற்றியது. மைலேஜ் ஒன்பதிலிருந்து ஆறானது அதனால்தான். எரியாத அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது சிவக்கச் சூடேறிக் கெட்டுப்போகும். விளக்கு கண் சிமிட்டுவது அந்த ஆபத்தைச் சொல்லத்தான். நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும், சிமிட்டினால் மிதியைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். இதை எல்லாரும் மனதில் வையுங்கள். ஆக, உண்மை சொன்ன சென்சாரைத்தான் 13,500 கொடுத்துக் கழற்றிப் போட்டேன்.

அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினான். இரண்டாம் சிலிண்டர் காயிலையும் மூன்றாம் சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றிப் போட்டான். காயில் கெட்டிருந்தால் கோடு 0303 ஆக மாற வேண்டும். மாறவில்லை, 0302-தான். பத்து நிமிஷ வேலை, செலவு பூஜ்யம். இதை அங்கே செய்திருந்தால் எனக்கு 19,200 மிச்சம். அப்புறம் பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் பார்த்தான். மற்ற மூன்றும் 170-க்கு மேல், இரண்டாம் சிலிண்டர் மட்டும் 95. அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏற வேண்டும். ஏறவில்லை. "அப்ப மேலே போகுது சார். வால்வு மூடலை. நாளைக்கு இன்ஜின் ஆறட்டும்" என்றான்.

மறுநாள் காலை வால்வு கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் விட்டான். அந்த இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் 0.28 முதல் 0.32 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டாம் சிலிண்டரில் 0.10 தகடுகூட நுழையவில்லை. எந்தச் சாமானும் தேய்ந்தால் இடைவெளி கூடும் என்றுதான் நினைப்போம். இங்கே தலைகீழ். கேஸில் ஓடிய இன்ஜினில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். வால்வு உள்ளே இறங்க இறங்க அதன் தண்டு மேலே ஏறி இடைவெளியைத் தின்றுவிடும். காலையில் குளிர்ச்சியில் எப்படியோ மூடிக்கொள்ளும். சூடானால் உலோகம் நீளும், வால்வு முழுக்க மூடாது, அழுத்தம் கசியும். வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்பதைப் பந்தும் வளையமும் வைத்து இவனுக்கே நான் நடத்தியிருக்கிறேன். டேப்பெட் செட்டிங் செய்தான், கவர் கேஸ்கெட் புதுசு போட்டான். வண்டி நின்ற இடத்தில் தம்ளர் தண்ணீர் வைத்தால் அசையவில்லை. நல்லவேளை, வால்வு கருகவில்லை. இன்னும் இரண்டு மாதம் காயிலும் சென்சாரும் மாற்றிக்கொண்டிருந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வந்திருக்கும்.

பில் 4,200. பார்த்த கூலி 1,500, டேப்பெட் வேலை 1,800, கேஸ்கெட் 900.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் மாத்தலையேப்பா, கேஸ்கெட் தானே போட்டே? ஆயிரத்தைந்நூறு எதுக்கு?" 3,500-ஐ எண்ணிக் கொடுத்தேன். அவன், "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டான். வாத்தியாரிடம் வேறென்ன சொல்வான்?

39,100 கொடுத்து வண்டி சரியாகாத இடத்தில் வாயைத் திறக்காதவன், சரி பண்ணியவனிடம் 700 ரூபாய் பிடித்துக்கொண்டேன். கையில் பெட்டி கொடுத்தால் காசு, மூளையைக் கொடுத்தால் பேரம். ஊசி போடாத டாக்டருக்கு எதற்கு ஃபீஸ் என்று கேட்கிற அதே புத்திதான் இது, நம் வீடுகளில் புதிதல்ல.

இப்போது உங்களிடம் வருகிறேன். "மெக்கானிக் எல்லாம் திருடன், சாமானை மாத்தியே காசு பறிக்கிறான்" என்று குழுவில் எழுதினீர்களே, அவனைச் சாமான் மாற்றுகிறவனாக ஆக்கியது யார்? ஒரு காயில் விற்றால் அவனுக்கு அதில் ஏதோ நிற்கிறது. அரை நாள் உட்கார்ந்து காயில் நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் நாம் ஒரு ரூபாய் தர மாட்டோம். அவன் வீட்டிலும் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். அவன் எந்தப் பக்கம் போவான்? காயில் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை, பல வண்டியில் காயில்தான் கெட்டிருக்கும். கெட்டது அதுதானா என்று பார்க்கிற பத்து நிமிஷத்துக்குச் சம்பளம் இல்லை என்பதுதான் என் வழக்கு.

பெரிய கம்பெனி சர்வீஸில் வேலை பார்க்கும் மாணவர்கள் சிலர் இதைப் படித்துக் கோபப்படுவீர்கள். "எங்களுக்கு டார்கெட் இருக்கு சார்" என்று ஒருவன் ஏற்கெனவே போனில் அழுதிருக்கிறான். தெரியும். ஆனால் உங்கள் சர்வீஸ் மேனுவலை இவன் லேப்டாப்பில் எனக்குக் காட்டினான். ஒவ்வொரு கோடுக்கும் என்னென்ன சோதனை, எந்த வரிசையில் என்று இருக்கிறது. முதல் படியே சாமானை மாற்று என்று அதில் நான் பார்க்கவில்லை. கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடை எழுதாதே என்று தலையில் குட்டினேனே, நினைவில்லையா?

இன்னொரு உதாரணம். என் சின்ன மச்சினன் வண்டியில் போன சித்திரையில் பி-0118 வந்தது. கூலன்ட் வெப்பநிலை சென்சார் சர்க்யூட். ஸ்கேனரில் பார்த்தால் தண்ணீர் வெப்பம் மைனஸ் 40 டிகிரி. நாமக்கல்லில், சித்திரையில்! உடனே சென்சாரை மாற்றினார்கள், 2,200. மறுபடி மைனஸ் 40. அந்தச் சென்சார் குளிர்ந்தால் மின்தடை கூடும், சூடானால் குறையும். ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், கம்ப்யூட்டர் அதை உறைபனி என்று புரிந்துகொள்ளும். அறுத்தது யார்? எலி. கனெக்டரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி ஒயரைக் கடித்து வைத்திருந்தது. கோடிலேயே சர்க்யூட் என்று இருக்கிறது ஐயா! சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமா? ஒயர், கனெக்டர், எர்த், ஃப்யூஸ் எல்லாம்தானே. ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட் என்று பி-0135 வந்தால், பத்து ரூபாய் ஃப்யூஸ் போயிருந்தாலும் அதே கோடுதான் வரும்.

இந்த விளக்கு எதற்காக வந்தது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இந்த முறையைக் கட்டாயமாக்கினார்கள். முக்கியக் கவலை புகை, காற்று கெடுவது. வண்டி அளவுக்கு மீறிப் புகை விடுமா என்று காவல் காக்கத்தான் இந்த விளக்கு. அதைப் போய் மெக்கானிக்கின் மூளைக்குப் பதிலாக வைத்தால் எப்படி? மார்க் ஷீட்டில் கணக்கில் 22 என்று இருக்கும். பையன் படிக்கவில்லையா, கரும்பலகை தெரியவில்லையா, காலையில் சாப்பிடாமல் வந்தானா என்று அதில் இருக்காது. கண் தெரியாத ஒரு பையனை ஆறு மாதம் அடித்திருக்கிறேன். கண்ணாடி போட்டு வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவனும் இதைப் படிப்பான்.

பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்ன பெங்களூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் இன்ஜின் வேகம் என்ன, வெப்பம் என்ன, லோடு என்ன என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். என் வண்டியில் அது இருந்திருந்தால் ஐடிலிங் வேகம், நல்ல சூடு என்று முதல் நாளே காட்டியிருக்கும். அந்தப் பையன் கோடை அழித்தபோதே அதுவும் போய்விட்டது. ஒயரைக் கழற்றினாலும் அதேதான். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கழுவி விடுகிற வேலை அது. இனி யாரும் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் இத்தனை வேகமாக எழுத இன்னொரு காரணம் உண்டு. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பட்டறையில் எட்டிப் பார்த்தேன். ஒரு லிஃப்ட் காலியாக இருந்தது. உதவிக்கு இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் இல்லை. "கடையை விட்டுடலாம்னு இருக்கேன் சார். ஈரோட்டுல ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கூப்பிடறாங்க, மாசச் சம்பளம்" என்றான். ஏன்டா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பார்த்துச் சொன்னா காசு தர மாட்டேங்கறாங்க சார். என்னன்னு கேட்டுக்கிட்டு, சாமானை ஆன்லைன்ல வாங்கி வேற இடத்துல மாட்டிக்கிறாங்க" என்றான். என் பெயரை அவன் சொல்லவில்லை. எனக்குத்தான் 700 ரூபாய் ஞாபகம் வந்தது.

இந்தப் பக்கத்தில் பதினைந்து வருஷப் பழைய பெட்ரோல் வண்டியை ஒயர் ஒயராகத் தடவி, காரணத்தோடு சொல்லக்கூடிய ஆட்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். இவன் போனால் இரண்டு. அப்புறம் உங்கள் வண்டியும் என் வண்டியும் ஸ்கேனர் பையனிடம்தான் போகும், அவன் மாற்றிப் பார்க்கலாம் என்பான், நீங்கள் குழுவில் வந்து கொள்ளை என்று எழுதுவீர்கள்.

700-ஐக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். பில் புத்தகத்தை எடு, ரசீது போடு என்று அதட்டினேன். வாத்தியார் குரலுக்கு இன்னும் பயம் இருக்கிறது, போட்டுக் கொடுத்தான். கடையை விடுவானா என்று கேட்டேன். தை வரை பார்க்கிறேன் என்றான்.

மாப்பிள்ளை, உனக்கு: விளக்கை யாரும் அழிக்க விடாதே. எப்போது நடுங்குகிறது, சூட்டிலா குளிர்ச்சியிலா, நிற்கும்போதா ஓடும்போதா, ஏ.சி. போட்டாலா, பெட்ரோல் போட்ட உடனேயா, மழையிலா என்று ஒரு தாளில் எழுதி வை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வா, நானும் கூட வருகிறேன். முந்தின ராத்திரியே கொண்டுவந்து நிறுத்தினால் இன்னும் நல்லது, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும். 1,500 கையில் வைத்துக்கொள். ஒரு சாமானும் மாற்றாமல் அனுப்பினாலும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மத்தியானம் அத்தை உனக்குச் சமைத்து வைக்கிறாளாம், புளிக்குழம்பா கறியா என்று கேட்கச் சொன்னாள்.